ஸ்டான்வே மாளிகை – அத்தியாயம் 14: ஹாலில் விட்ட தொப்பி

சென்ற வாரம் பிம்லட்டை வெள்ளித் தட்டும் கையுமாக மாடிப்படியிலேயே நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளாக நிற்கிறார். முதலில் அவரை இறக்கிவிடுவோம்.

தட்டில் இருந்தது தியேட்டரிலிருந்து வந்த ஒரு தபால் பொட்டலம். 'மார்ட்டின் ஃப்ரோம், ஸ்டான்வே மாளிகை, லண்டன்' என்று விலாசம். அந்தப் பெயரில் மாளிகையில் யாரும் கிடையாது. ஆள் தெரியாத தபால் எஜமானியம்மாவிடம்தான் போக வேண்டும் என்பது தலைமைப் பணியாளர் பிம்லட்டின் சட்டம். அதனால் தியோடரா இரண்டு வருஷம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அந்தப் புனைபெயரில் எழுதிய நாடகம், அவளுடைய அம்மா லேடி ஸ்டான்வேயின் மடியில் போய் விழுந்தது.

சாதாரண நாடகமாக இருந்தாலாவது போகட்டும் என்று விடலாம். இதுவோ பெரிய மனிதர்களின் வரவேற்பறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குகிற நாடகம். பெயர் 'பதினைந்து நிமிஷ விருந்தாளி'. அதில் வரும் லேடி க்ரம்லியின் நடை, பேச்சு, மூக்கைத் தூக்கும் தினுசு எல்லாம் யாருடையது என்று அந்தத் தெருவில் வண்டியோட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும்.

வியாழக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜை. தியோடரா முட்டையின் ஓட்டைக்கூட இன்னும் தட்டவில்லை. அன்று மதியம் இரண்டரை மணிக்கு நாடகம். புது நாடக ஆசிரியர்களை எடுத்த எடுப்பில் சாயங்காலக் காட்சிக்கு விட மாட்டார்கள். ஒரே ஒரு மதியம் ஆடிப் பார்ப்பார்கள். கீழே நல்ல நாற்காலிகளில் உட்காரும் சீமான்களும் சீமாட்டிகளும் சிரித்துவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து தினமும் சாயங்காலம். சிரிக்காவிட்டால் நாடகம் பரணுக்குப் போகும். இருபத்தேழு வயதில் தியோ ஆசைப்பட்டுச் செய்த காரியம் இது ஒன்றுதான். அந்த ஒன்றும் இப்போது அம்மாவின் கையில் இருந்தது.

"மார்ட்டின் ஃப்ரோம்ங்கிறது யாரு?" என்றாள் லேடி ஸ்டான்வே. டோஸ்டில் மார்மலேட் தடவிய கை நிற்கவில்லை.

"நான்தாம்மா."

"அப்படித்தான் நெனச்சேன். ஒவ்வொரு வாக்கியமும் உன்னை மாதிரியே மூச்சு விடாம ஓடுது."

தம்பி ரூபர்ட் கரண்டியைக் கீழே வைத்தான். அப்பா போன பிறகு பட்டம் அவனுக்கு வந்துவிட்டது. இருபத்துநான்கு வயது சர் ரூபர்ட். பட்டம் வந்த அளவுக்குத் தைரியம் இன்னும் வரவில்லை.

"நீயா எழுதினே? தியோ, போன ஞாயித்துக்கிழமைதான் முரியல் கையில மோதிரம் போட்டிருக்கேன். அவங்க அம்மா லேடி செல்விக் இன்னிக்கு அந்த நாடகத்துக்கு வர்றாங்க. மாடத்துல தனி பாக்ஸே எடுத்திருக்காங்க."

"டிக்கெட் வாங்கினவங்க வரத்தானே செய்வாங்க."

"நாடகக்காரியோட தம்பிக்கு யாரு பொண்ணு குடுப்பா? லேடி செல்விக்கைப் பத்தி உனக்குத் தெரியாது."

"நல்லாத் தெரியும். ரெண்டாவது அங்கத்துல வர்றாங்க."

ரூபர்ட்டின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா பக்கம் திரும்பினான். "அம்மா, இதை நிறுத்துங்க. நாடகத்துக்கு உரிமம் குடுக்கிற ஆபீஸ்ல உங்களுக்கு அண்ணன் முறையில ஒருத்தர் இருக்காரே. ஒரு வரி எழுதிப் போட்டாப் போதும்."

லேடி ஸ்டான்வே கைத்துண்டை நான்காக மடித்து வைத்தாள். அவள் கண் இமைகள் தடித்திருந்ததைத் தியோ அப்போதுதான் கவனித்தாள். அம்மா அழுது அவள் பார்த்ததே இல்லை. அப்பாவின் அடக்கத்தன்றுகூட வந்தவர்களுக்கு ஷெர்ரி ஒயின் போதுமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பதினோரு மணிக்கு வண்டி வேணும்னு பிம்லட்கிட்ட சொல்லு, தியோ. நீயும் வா."

"எங்கம்மா போறோம்?"

"தியேட்டருக்கு. அங்க மானேஜர்னு ஒருத்தர் இருப்பாரே."

ரூபர்ட் நிம்மதியாக இன்னொரு முட்டையை எடுத்துக்கொண்டான்.

வண்டியில் அம்மா வாயைத் திறக்கவே இல்லை. திட்டியிருந்தால் தியோவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டுக்குப் பதில் சொல்லலாம். பிக்கடில்லித் தெரு நெரிசலில் வண்டி நின்றபோது ஒரே ஒரு தடவை பேசினாள். "நேரா உட்காரு."

தியேட்டரில் கடைசி ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஃப்ரோம் யார் என்று தெரிந்த ஒரே ஆளான மானேஜர் கார்பெட் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு முழங்கை வரை சட்டையைச் சுருட்டியிருந்தார். முகத்திரை போட்ட சீமாட்டி ஒருத்தி உள்ளே வருவதைப் பார்த்ததும் கோட்டைத் தேடினார், கிடைக்கவில்லை. செட்டிலிருந்த திரைச்சீலைக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு வணங்கினார்.

"நடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு லேடி ஸ்டான்வே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். தியோ பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேடையில் லேடி க்ரம்லியாக நடித்தவர் மிஸஸ் க்ரோதர். சரக்குப் படகுக்காரரின் மகள், இருபது வருஷமாக ஊர் ஊராக மேடையேறியவர். கதை இதுதான்: யார் வந்தாலும் 'அம்மா வீட்டில் இல்லை' என்று சொல்லச் சொல்லி வேலைக்காரனுக்கு லேடி க்ரம்லியின் உத்தரவு. வெளிதேசத்திலிருந்து சொன்ன நாளுக்கு முன்பே திரும்பி வந்த சொந்தக் கணவனிடமும் அவன் அப்படியே சொல்லிவிடுகிறான். அவரும் மரியாதை தெரிந்த மனுஷன். நேரில் வந்துபோனதற்கு அடையாளமாகத் தன் பெயர் அட்டையின் மூலையை மடித்து வைத்துவிட்டு ஹோட்டலுக்குப் போய்விடுகிறார். மூன்று அங்கமும் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் வாசலில் ஒருவர் அட்டை வைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இரண்டாவது அங்கத்தில் லேட்டிமர் என்ற இளம் நடிகர் விருந்தாளியாக உள்ளே வந்தார். தலை படிய வாரி, கைகளை வீசிக்கொண்டு ஜம்மென்று வந்தார். மிஸஸ் க்ரோதர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"நிறுத்துங்க," என்றாள் லேடி ஸ்டான்வே.

எல்லாரும் சிலையாக நின்றார்கள். தியோ கண்ணை மூடிக்கொண்டாள். தீர்ந்தது, இரண்டு வருஷமும் போச்சு.

"அந்த மனுஷனோட தொப்பி எங்க?"

லேட்டிமர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "வாசல் ஹால்ல மாட்டிட்டு வந்தேன், அம்மணி. வீட்டுக்குள்ள வரும்போது தொப்பியைக் கழட்டுறதுதானே மரியாதை?"

"கழட்டுறது மரியாதை. ஹால்ல விடுறது இல்ல. பாக்க வந்தவர் தொப்பியையும் கைத்தடியையும் கையிலயே வச்சிட்டு உள்ள வரணும். பதினஞ்சு நிமிஷத்துல எழுந்து போயிடுவேன்னு அதுக்கு அர்த்தம். ஹால்ல விட்டுட்டு வந்தா நீங்க அந்த வீட்லயே குடியிருக்கீங்கன்னு அர்த்தம். புருஷன் ஊர்ல இல்லாத பொம்பளை வீட்ல நீங்க தொப்பியை மாட்டினீங்கன்னா இன்னிக்கு மதியம் முதல் வரிசையில பாதிப் பேர் எழுந்து போயிடுவாங்க. மீதிப் பேர் போகாததுக்குக் காரணம் வேற."

மேடைக்கு மேலே கயிறு இழுக்கிறவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கார்பெட் திரைச்சீலையை விட்டு வெளியே வந்துவிட்டார். சட்டைக் கை ஞாபகமே இல்லை.

"வேற எதாவது தப்பு இருக்குதா அம்மணி?"

"வேற எதாவதா?" லேடி ஸ்டான்வே எழுந்தாள். "எது சரின்னு கேளுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்."

ஐம்பத்தெட்டு வயதுச் சீமாட்டி பலகைப் படியேறி மேடைக்குப் போனாள். நாற்காலியின் கோணத்தை மாற்றினாள். தேநீர்த் தட்டைத் தள்ளி வைத்தாள். மிஸஸ் க்ரோதர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது துளியும் பிடிக்கவில்லை.

"நீங்க ஏன் அவர் கையை இப்படிப் பிடிச்சு ஆட்டுறீங்க? கிணத்துல தண்ணியா இறைக்கிறீங்க?"

"எங்க பக்கத்துல வந்தவங்களைச் சந்தோஷமா வரவேற்போம், அம்மணி."

"லேடி க்ரம்லிக்கு யாரு வந்தாலும் சந்தோஷம் கிடையாது. அதானே நாடகமே?"

மிஸஸ் க்ரோதர் கையை இடுப்பிலிருந்து எடுத்தார். "அப்போ நீங்கதான் செஞ்சு காட்டுங்களேன்."

லேடி ஸ்டான்வே வலது கையை நீட்டினாள். முழுக் கையை அல்ல, இரண்டே விரல். பார்வை லேட்டிமரின் காதுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. லேட்டிமர் அந்த இரண்டு விரலையும் என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுதான். தராதரம் குறைஞ்சவங்களுக்கு ரெண்டு விரல். வக்கீலா இருந்தா மூணு."

மிஸஸ் க்ரோதருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "அம்மணி, இதை அப்படியே செஞ்சேன்னா மேல காலரியில மலிவு டிக்கெட்ல உக்கார்ற சனம் உருண்டு உருண்டு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சரியானதைப் பாத்துச் சிரிக்கட்டும். தப்பாச் செஞ்சா உங்களைப் பாத்துச் சிரிப்பாங்க."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்த இரண்டு பெண்களும் ஆள் மாற்றி ஆள் விரல் நீட்டிப் பழகியதைத் தியோ வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இத்தனை உற்சாகமாக இருந்து அவள் பார்த்ததில்லை. ஆனால் அம்மா எதற்காக வந்தாள் என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை.

மூன்றாவது அங்கம் தொடங்கியதும் லேடி ஸ்டான்வே கீழே வந்து உட்கார்ந்தாள். கணவராக நடித்தவர் மூடிய கதவுக்கு வெளியே தொப்பியும் கையுமாக நின்றார். அம்மாவின் முகத்தில் இருந்த களை போய்விட்டது.

"இவர் உங்க அப்பாதானே?"

தியோ பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தாள். ஏனோ வரவில்லை. "ஆமாம்மா."

"கெய்ரோவிலேருந்து வந்தப்போ நடந்தது."

"அப்பா ஒரு நாள் சொன்னார். வேடிக்கையாத்தான் சொன்னார். நீங்களும் சேர்ந்து சிரிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு அவர் சொல்லவே இல்லடி." அம்மாவின் குரல் உடைந்தது. "நேத்து உன் நாடகத்தைப் படிச்சப்புறம்தான் பிம்லட்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். 'ஆமா அம்மணி, ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டார். யாரையும் விடாதேன்னு நீங்க சொல்லியிருந்தீங்க. ஐயா என்னைப் பாராட்டிட்டு, சொல்லாதேன்னுட்டு கிளப்புக்குப் போயிட்டார்'னு சொல்றான். அன்னிக்கு நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? தலைமுடியில காகிதம் சுத்தி உக்காந்திருந்தேன். அவர் வர்ற அன்னிக்குச் சுருள் நல்லா விழணுமேன்னு."

தியோ அம்மா பக்கம் திரும்பினாள். வேடிக்கை என்று நினைத்து எழுதிய கதை. அப்பாவின் பக்கத்திலிருந்து மட்டுமே அதைக் கேட்டிருக்கிறாள். கதவுக்கு உள்ளே ஒருத்தி அவருக்காகவே காத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

"மன்னிச்சிடுங்கம்மா. இப்பவே கார்பெட்கிட்ட சொல்லி நிறுத்திடுறேன்."

"பேசாம இரு. முடிவைப் பாக்கத்தான் வந்தேன். படிச்சது போதல."

மேடையில் கணவர் கதவைத் தட்டினார். வேலைக்காரன் வழக்கமான பொய்யைச் சொன்னான். அவர் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

லேடி ஸ்டான்வே கைக்குட்டையை எடுத்து வெளிப்படையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரை உள்ள விட்டுட்டே. நல்லது."

இரண்டரை மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. வலதுபக்க பாக்ஸில் அம்மாவும் தியோவும். பின்னால் இருட்டில் ரூபர்ட். அம்மா நிறுத்தாமல் விட்டது தெரிந்ததிலிருந்து அவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். எதிர் பாக்ஸில் லேடி செல்விக்கும், ரூபர்ட்டுக்கு நிச்சயமான முரியலும் உட்கார்ந்திருந்தார்கள். லேடி செல்விக் பல்வலிக்காரரைப் போல முகத்தை வைத்திருந்தாள்.

முதல் அங்கத்தில் காலரி சிரித்தது. கீழே ஒரு சத்தமில்லை. சீமான்களும் சீமாட்டிகளும் மேடையைப் பார்த்தார்கள், பிறகு லேடி ஸ்டான்வேயின் பாக்ஸைப் பார்த்தார்கள். மேடையில் யாரைக் காட்டுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. லேடி ஸ்டான்வே இருக்கும்போது யார் முதலில் சிரிப்பது? அந்த உலகத்தில் சிரிப்புக்கும் வரிசை உண்டு.

"கீழ யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று காலரியிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

மேடையின் ஓரத்தில் கார்பெட் தலையில் கை வைத்து நிற்பது தியோவுக்குத் தெரிந்தது. முதல் வரிசை இப்படியே இருந்தால் இன்று மாலையே பரண்தான்.

இரண்டாவது அங்கம். லேட்டிமர் தொப்பியும் தடியுமாக உள்ளே வந்தார். மிஸஸ் க்ரோதர் இரண்டு விரலை நீட்டினார். பார்வை அவர் காதுக்குப் பின்னால். ஒத்திகையில் வந்ததைவிட அற்புதமாக வந்தது. பிறகு மிஸஸ் க்ரோதர் தானாகவே ஒன்று சேர்த்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்து, ஒரு விரலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

லேடி ஸ்டான்வே சிரித்தாள். விசிறிக்குப் பின்னால் அல்ல. வாயைத் திறந்து, பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தாள். பல் தெரியச் சிரித்ததற்காகத் தியோவைச் சின்ன வயதில் எத்தனையோ தடவை மேஜையைவிட்டு அனுப்பியவள் அவள்தான்.

முதல் வரிசையில் ஒரு கிழட்டுக் கர்னல் சிரித்தார். அவர் மனைவி சிரித்தாள். அவ்வளவுதான், அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது அங்கத்தில் கணவர் வேலைக்காரனைத் தள்ளிவிட்டு உள்ளே போனபோது கீழே கைதட்டினார்களா மேலே கைதட்டினார்களா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திரை விழுந்ததும் "ஆசிரியர்! ஆசிரியர்!" என்று கூச்சல் கிளம்பியது. புது நாடகம் பிடித்துவிட்டால் எழுதினவரை மேடைக்குக் கூப்பிட்டு வணக்கம் வாங்காமல் லண்டன் சனம் வீட்டுக்குப் போகாது. கார்பெட் பாக்ஸுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"திங்கட்கிழமையிலேருந்து தினமும் சாயங்காலம் போடறேன். இப்போ என்ன செய்யட்டும்? மிஸ்டர் ஃப்ரோமுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடவா?"

"சொல்லிடுங்க," என்றான் ரூபர்ட். "தியோ, நாடகம் ஜெயிச்சிடுச்சு. அது போதாதா? பேரு எதுக்கு? லேடி செல்விக் எதிர்லயே உக்காந்திருக்காங்க."

போதும் என்றுதான் தியோ நினைத்தாள். தம்பி பயந்தாங்கொள்ளிதான். ஆனால் முரியலை நிஜமாகவே நேசிக்கிறான். தன் பெயருக்காக அவன் கல்யாணத்தைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கீழே கூப்பிடுகிற குரல் ஒவ்வொன்றும் அவளைத்தான் கூப்பிட்டது. அம்மாவைப் பார்த்தாள்.

"என்னை எதுக்குப் பாக்குறே? எழுதினது நீதானே," என்றாள் லேடி ஸ்டான்வே. "கூப்பிட்டவங்களைக் காக்க வைக்காதே. ரூபர்ட், அக்காவுக்குக் கதவைத் திற."

ரூபர்ட் ஒரு கணம் அசையாமல் நின்றான். பிறகு திறந்துவிட்டான். அதை அவன் கணக்கில் நாமும் எழுதிக்கொள்வோம்.

குறுகலான படிக்கட்டு, சாயவாடை, கயிறுகள். மிஸஸ் க்ரோதர் ஓடி வந்து தியோவைக் கட்டிக்கொண்டார். அவர் முகப்பூச்சு இவள் தோளில் ஒட்டிக்கொண்டது. கார்பெட் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன பேர் சொல்லட்டும்?"

"தியோடரா ஸ்டான்வே," என்றாள்.

அந்தப் பெயரை அவர் வெளியே போய்ச் சொன்னதும் அரங்கம் அடங்கிவிட்டது. தியோ வெளிச்சத்துக்கு வந்தாள். தொப்பி நாடாவைக்கூட அவள் அவிழ்த்திருக்கவில்லை.

"அட, பொம்பளை," என்றது காலரியில் ஒரு குரல்.

"அதான் விஷயம் தெரிஞ்சு எழுதியிருக்குது," என்றது இன்னொரு குரல்.

சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து எழுந்தன. தியோவுக்குக் காது அடைத்தது. சந்தோஷத்தில் அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டாள். தங்கள் பாக்ஸை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ராணிக்குத் தவிர வேறு யாருக்கும் அம்மா எழுந்து நின்று தியோ பார்த்ததில்லை.

எதிர் பாக்ஸைப் பார்த்தாள். லேடி செல்விக்கும் எழுந்துவிட்டாள். சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை ஓசைப்படத் தள்ளிவிட்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். "முரியல்" என்று அவள் உதடு அசைந்தது மேடை வரைக்கும் தெரிந்தது.

முரியல் இரண்டு கையுறைகளையும் நிதானமாகக் கழற்றி மடியில் போட்டாள். கையுறையோடு தட்டினால் சத்தம் கேட்காது. வெறுங்கையால் தட்ட ஆரம்பித்தாள். லேடி செல்விக் இரண்டாம் தடவை கூப்பிட்டாள். முரியல் எழுந்திருக்கவில்லை.